ஆணோடும் காத்தோடும் கொஞ்சம் உப்பும்

"இந்த அமிர்தலிங்கம் கட்டையில போற வரைக்கும் உப்புக்குக்கூட ஒருத்தன் வீட்டு வாசப்படிய மிதிக்கமாட்டான்லா! எழுதி வெச்சுக்குங்க!"

கேமரன் மலையில், ரிங்லெட் டவுனுக்கு மேலே தேயிலை மலையின் இடுப்பில் தொற்றிக்கொண்டிருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முன்னால், தோட்டத்துப் பட்டறையின் ஃபிட்டர் அமிர்தலிங்கம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். கொழுந்து வெட்டும் மெஷின்களுக்குக் கத்தி தீட்டுவதும் லோரிகளுக்கு வைத்தியம் பார்ப்பதும்தான் அவருடைய உத்தியோகம். பிரகடனம் வெளியிட்டுப் பழக்கமில்லை. மனைவி வசுமதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அது. வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர்கள்: பக்கத்து வீட்டுக் காளியம்மா, அவள் கையிலிருந்த மூடி போட்ட சோற்றுத் தட்டு, குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இருவர், ஒரு நாய். தொழிலாளிகளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் மரியாதைக்காக வாய் கொப்பளிப்பதை நிறுத்திவைத்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இனி அமிர்தலிங்கத்துக்கு யார் சமைப்பது என்று லயத்துப் பெண்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். முதல் முறை காளியம்மாவுடையது. தட்டைக் கொண்டுவந்தவள் தட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். "பாவம்ணே, ஒத்தையாயிட்டீங்க" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். சோறு உள்ளே போயிருக்கும். அந்தப் 'பாவம்' போகவில்லை. அதை வாசலிலேயே நிறுத்தி வைத்துத்தான் அமிர்தலிங்கம் மேற்படி உரையை ஆற்றினார்.

பேசி முடித்ததும் அவர் கொஞ்சம் காத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. "அட என்னாண்ணே, இப்பிடில்லாம் பேசுறீங்க" என்று காளியம்மா ஒரு வார்த்தை சொல்வாள், உடனே "சரி சரி, வெச்சுட்டுப் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே தட்டை வாங்கிவிடலாம் என்று பதிலைக்கூட வாய்க்குள் தயாராக வைத்திருந்தார். ஆனால் காளியம்மா, "சரிண்ணே" என்றாள். சொல்லிவிட்டுத் தட்டோடு திரும்பிப் போனாள். அன்று தட்டில் நெத்திலிச் சம்பல். வாசனை மட்டும் சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டு, அதுவும் போய்விட்டது.

ஒரு நாடு சுதந்திரம் அறிவித்தால் அண்டை நாடுகள் அதை அங்கீகரிக்க இழுத்தடிப்பதுதான் உலக வழக்கம். அமிர்தலிங்கத்தின் சுதந்திரத்தை லயம் ஒரே மூச்சில் அங்கீகரித்தது. அதில்தான் வந்தது வினை. தீபாவளிக்கு முறுக்குத் தட்டுகள் அவர் வீட்டைத் தாண்டி, ஓசைப்படாமல், காலணிகூடத் தேய்க்காமல் போயின. கோயில் கூழ் ஊற்றும்போது, "அவருக்கு வேணாம்லா, அவரு யாருகிட்டயும் வாங்கமாட்டாரு" என்று பெருமையோடு சொன்னார்கள். மனிதர் ஒரு முறை சொன்ன சொல்லை ஊரே சேர்ந்து இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியது வேறெங்கும் நடந்திருக்காது.

பிறகு சபதத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. தானா ராத்தா கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "ஹை பிளட், அங்கிள். உப்பக் கொறைங்க" என்றாள். குறைப்பது, கூட்டுவது போன்ற நடுத்தரமான காரியங்கள் அமிர்தலிங்கத்துக்கு வராது. வீட்டுக்கு வந்து உப்புச் சாடியைத் தூக்கிப் பின்பக்கத்துக் கொத்தமல்லிப் பாத்தியில் கவிழ்த்தார். கொத்தமல்லி இன்றுவரை எழுந்திருக்கவில்லை. உப்பே தின்னாத மனிதன் உப்புக்காக யார் வாசலில் போய் நிற்க முடியும்? இனி அவரே நினைத்தாலும் சபதத்தை உடைக்க வழியில்லாமல் போயிற்று. இதற்காக அவர் கொஞ்ச நாள் சந்தோஷப்படவும் செய்தார்.

சாயங்காலங்கள்தான் நீளம். பட்டறையிலிருந்து வந்து குளித்து, கெத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, எதுவும் போடாத சோற்றுக்கு எதுவும் போடாத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு தட்டுகளைக் கழுவுவார். ஒன்று அவருடையது. மற்றது வசுமதியுடையது. அதில் யாரும் சாப்பிடவில்லைதான். தூசி படியுமே என்பார். யாரிடம் என்பார் என்று கேட்கக்கூடாது.

பிறகு மெத்தையில் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து நாடகம் கேட்பார். பார்ப்பதில்லை, கேட்பது மட்டும். அவர் வீட்டுத் தொலைக்காட்சி வசுமதி கண்ணை மூடிய வருஷமே பழுதாகிவிட்டது. லோரி எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் காளியம்மா அப்படிச் சத்தமாக வைப்பாள். நாடகத்தில் ஒரு மாமியார் இருக்கிறாள், பேசுமுன் கனைப்பாள். அந்த அம்மாளின் முகம் எப்படி இருக்கும் என்று அமிர்தலிங்கத்துக்குத் தெரியாது. ஆனால் அவள் மருமகளுக்குச் செய்த கொடுமைகள் அத்தனையும் மனப்பாடம். காளியம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அடுத்தவர் குறையில் நமக்கு வரும் அந்தச் சின்ன ஆறுதலோடு, "பாவம்" என்றுகூட ஒரு நாள் சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் சுவர்ப் பக்கம் சாயமாட்டார். அன்று மகள் தனுஜா கூப்பிடுவாள். அவள் சரவாக்கில், மிரியில், ஓர் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கடலுக்கு அந்தப் பக்கம்.

வசுமதி இருந்தபோது இந்தத் தொலைபேசி உரையாடல்கள் வெகு சிறப்பாக நடக்கும். அவள்தான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "அப்பா கேக்கறாரு, அங்க மழையான்னு" என்பாள். அமிர்தலிங்கம் அப்போது காலில் நகம் வெட்டிக்கொண்டிருப்பார், எதுவும் கேட்டிருக்கமாட்டார். "மக கேக்கறா, மூட்டு வலி எப்பிடின்னு" என்று இந்தப் பக்கம் திரும்புவாள். மகளும் கேட்டிருப்பாளா என்பது சந்தேகமே. கேட்காதவருக்காகக் கேள்வியையும் விசாரிக்காதவளுக்காக விசாரிப்பையும் வசுமதியே உற்பத்தி செய்து இரண்டு பக்கமும் விநியோகித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆலை நின்றபிறகுதான் அது தெரியவந்தது.

இப்போது உரையாடல் இப்படி நடந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"ம். நீ?"

"ம். மழையா?"

"மழைதான்."

"சரிப்பா."

"சரிம்மா."

கேமரன் மலையில் அடிக்கடி மழை பெய்வதன் அருமை அமிர்தலிங்கத்துக்கு அந்தக் காலத்தில்தான் புரிந்தது. மழையில்லாத ஞாயிறுகளில் பேச்சில் ஒரு வரி குறைந்துவிடும்.

அப்படியொரு மழையில்லாத ஞாயிற்றுக்கிழமை அது. இரு பக்கமும் பேச எதுவும் மிச்சமில்லாமல், வைத்துவிடவும் மனமில்லாமல் இருந்த நேரத்தில் தனுஜா ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னாள். லைன் சரியில்லை. விட்டு விட்டுக் கேட்டது. அமிர்தலிங்கத்தின் காதில் விழுந்தது இதுதான்:

"ரொம்ப அசதிப்பா. இந்த வாரம் பூரா… ஆணோடு. அடுத்த வாரம்… காத்தோடு. சரிப்பா, வெக்கிறேன்."

போன் அணைந்து வெகு நேரம் கழித்தும் அமிர்தலிங்கம் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இந்த வாரம் பூரா ஆணோடு. இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. 'ஆம்பளையோட' என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பாள். ஆசிரியையாகிவிட்டதால் இலக்கணமாகச் சொல்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. முப்பது வயதுப் பெண். ஆனால் அடுத்த வாரம் காத்தோடு என்றால்? ஒரே வாரத்தில் காற்றோடு போய்விடுகிற ஆண் எப்படிப்பட்டவன்? யார் வீட்டுப் பிள்ளை? அவன் காற்றோடு போகப்போவது அவளுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது, அதையும் அசதியாகச் சொல்கிறாள்! வசுமதி இருந்தால் இந்த வாக்கியத்தைச் சலித்துப் புடைத்துக் கொடுத்திருப்பாள். அவரோ அதை உமியோடு விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கள் முழுக்கக் கத்தி தீட்டினார். ஒரு கத்தியைத் தேவைக்கு மேல் தீட்டிப் பாழாக்கினார். சாயங்காலம், தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவராகவே மகளைக் கூப்பிட்டார்.

"என்னாப்பா? ஒடம்புக்கு என்னா?" பதறினாள் தனுஜா.

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல." தொண்டையைச் செருமினார், நாடகத்து மாமியார் போல. "அந்த ஆணு யாரும்மா?"

"எந்த ஆணுப்பா?"

"அதான், வாரம் பூரா ஆணோடன்னியே. அடுத்த வாரம் காத்தோட போயிடுவான்னு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். மூச்சு விட முடியாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்ன வயதில் குழாயடியில் வழுக்கி விழுந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அம்மா போனபிறகு அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

"அய்யோ அப்பா! அது அனோடு! இன்னொன்னு கத்தோடு! பேட்டரியோட பிளஸ் பக்கம் மாட்டுறது அனோடு, மைனஸ் பக்கம் மாட்டுறது கத்தோடு. ஐந்தாம் படிவத்துல எலக்ட்ரோலிசிஸ் நடத்துறேன்ப்பா. ரெண்டையும் தண்ணியில விட்டு கரண்டு குடுத்தா தண்ணி ஒடைஞ்சு ரெண்டு பக்கமும் வாயுவா கெளம்பும், குமிழு குமிழா, முட்ட முட்டயா. அந்தப் பசங்களுக்கு எது எந்தப் பக்கம்னு வாரம் பூரா மண்டையில ஏத்துறேன், ஏறல."

அமிர்தலிங்கம் வாயை மூடிக்கொண்டு போனை வைத்திருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அது அடங்கிப் போவதற்குள் இன்னொரு விறகைச் செருக வேண்டியிருந்தது.

"அட, அதுவா! நாங்க பட்டறையில தெனம் பண்றதுலா அது. பேட்டரியோடவே பொழங்கறவனுக்கு இது ஒரு வித்தையா?"

"நெசமாவாப்பா? முட்ட வருமா?"

"கொதிக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழம வீடியோவுல செஞ்சு காட்டுங்க! நான் பாக்கணும்." அவள் குரலில் அவர் மறந்துபோயிருந்த ஓர் அவசரம் இருந்தது. "மறந்துடாதீங்கப்பா, ஏழு மணிக்கு."

அந்த வாரம் அமிர்தலிங்கம் நடந்துபோனதைப் பார்த்தவர்கள், துரையே பட்டறைக்கு வருகிறார் என்று எண்ணியிருப்பார்கள். தனுஜா விட்டுப்போன பழைய வேதியியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினார். மலாயில் இருந்தது. பட்டறைக்காரர்கள் எந்தக் கையேட்டிலும் எழுத்தைப் படிப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பார்கள். அவரும் அந்த மரபைக் காத்தார். படத்தில் ஒரு கண்ணாடிக் குவளை, தண்ணீர், இரண்டு கரிக் குச்சிகள், ஒரு பேட்டரி, இரண்டு வயர். இவ்வளவுதானா? கரிக் குச்சிக்குப் பென்சிலை இரு முனையும் சீவினால் போயிற்று. பேட்டரிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கிறது, கழற்றிக்கொள்ளலாம். தண்ணீருக்குத்தான் யோசித்தார். நன்றாக யோசித்து, பட்டறையிலிருந்து ஒரு போத்தல் பேட்டரித் தண்ணியைக் கொண்டுவந்தார். பேட்டரிக்குள்ளேயே ஊற்றுகிற தண்ணீர். காய்ச்சி வடித்தது, சொட்டு அழுக்கு இருக்காது. மின்சாரம் வேறெந்தத் தண்ணீரில் இதைவிட நன்றாக ஓடிவிடப் போகிறது?

ஒத்திகை பார்க்கவில்லை. தொழில் தெரியாதவர்கள்தான் அதெல்லாம் பார்ப்பார்கள். பேச்சை மட்டும் ஒத்திகை பார்த்தார். "இது ஆணோடு" என்று ஒரு பென்சிலைக் காட்டிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்தினால் அவள் சிரித்து முடிப்பாள், பிறகு "இது காத்தோடு" என்று எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் சுவர்ப் பக்கம் சாய்ந்து சொல்லிப் பார்த்தார். வியாழனன்று சுவருக்கு அந்தப் பக்கம் நாடகச் சத்தம் சட்டென்று குறைந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிறு மதியத்திலிருந்து மழை. நின்றபோது சாயங்காலமாகியிருந்தது. மலை முழுக்கப் புகை போல மூடுபனி இறங்கியிருந்தது. மோட்டாரின் பேட்டரி மேசைமேல் ஏறியது. குவளையில் பேட்டரித் தண்ணி. பென்சில்கள் இரண்டும் அட்டையில் துளை போட்டு நின்றன. வயரை மாட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். தண்ணீர், தண்ணீராகவே இருந்தது. வயரைக் கழற்றி ஒரு சின்ன பல்பில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மறுபடி பென்சிலில் வைத்தார். பென்சில்கள் இரண்டும் குவளைக்குள் எதிரெதிரே நின்றன, மழையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் அப்பனும் மகளும் நிற்பதைப் போல.

குழாயைத் திறந்தார். மழைக்குப்பிறகு குழாயில் எப்போதும் வருவதுதான் வந்தது: பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் மலை. அதில் யானை நின்றாலும் தெரியாது, முட்டையா தெரியப் போகிறது. ஏதாவது சேர்த்தால் ஓடுமோ என்று குவளையிலிருந்த பேட்டரித் தண்ணியிலேயே ஒரு கரண்டி சீனியைப் போட்டார். சீனி கரைந்தது. கரைந்து, யாருக்கும் உபகாரம் செய்யாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போது போன் சிணுங்கியது. தனுஜாதான். கூப்பிடவில்லை, குரலை மட்டும் அனுப்பியிருந்தாள்.

"ப்பா, இன்னுங் கொஞ்ச நேரத்துல கூப்புடறேன். எல்லாம் ரெடியா? உப்பு போட்டீங்கதானே? வெறும் தண்ணியில கரண்டு போகாதுப்பா. ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் கரைஞ்சிருக்கணும், இல்லேன்னா ரெண்டும் சும்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும்." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, முன்பணம் மாதிரி. "ஒங்களுக்குத் தெரியாததா!"

அமிர்தலிங்கம் அதை மறுபடி ஒரு தடவை கேட்டார். பிறகு வசுமதியின் தட்டு இருந்த அலமாரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, பின்கதவைத் திறந்து, கொத்தமல்லிப் பாத்தியருகே போய் நின்றார். அங்கே எத்தனையோ மழை பெய்து கழுவியாயிற்று.

ரிங்லெட்டுக்குப் போகலாம். மோட்டாரின் பேட்டரி மேசைமேல் இருந்தது. வங்காளதேசத்துப் பிள்ளைகளைக் கேட்கலாம். ஞாயிறு அவர்கள் டவுனுக்குப் போய்விடுவார்கள். மற்ற வீடுகளில் பாதி பூட்டிக்கிடந்தன, மீதி தூரத்தில் இருந்தன. போனை அணைத்துவைத்துவிட்டு, "லைன் கெடைக்கலம்மா" என்று நாளைக்குச் சொல்லலாம். சொன்னால் நம்புவாள். நம்பி, அடுத்த ஞாயிறு, "சாப்டீங்களாப்பா?" என்பாள். அவர், "ம்" என்பார். மழை பெய்தால் இன்னொரு வரி.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கனைத்தாள்.

சுவர் வழியாகப் போனால் காளியம்மா வீடு ஒரு முழம்கூட இல்லை. வாசல் வழியாகப் போனதால் அமிர்தலிங்கத்துக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

கதவைத் திறந்த காளியம்மா அவரைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "அண்ணே! யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல."

"பின்ன?"

"கொஞ்சம்… அது வேணும்."

"எது?"

அமிர்தலிங்கம் உள்ளே பார்த்தார். சாமிப் படத்தின் முன் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு வைத்தபிறகு அந்தப் பொருளை யாரும் கொடுக்கக்கூடாது, பேர்கூடச் சொல்லக்கூடாது, வசுமதியும் அப்படித்தான். சபதத்தை உடைக்க வந்த மனிதருக்கு உடைக்க வேண்டிய சொல்லையே வாயால் சொல்ல முடியாமல் போயிற்று.

"வெள்ளையா இருக்குமே."

"சீனியா?"

"சீனி இருக்கு."

"மாவா?"

"இல்ல காளியம்மா. கடல்ல…"

"கடல்ல மீனு இருக்கும்ணே." அவளுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது என்பது அவள் வாயோரத்தில் தெரிந்தது. "அதுக்கா வந்தீங்க? ஒங்களுக்குத்தான் அது ஆகாதே. அதோட, அன்னைக்கு எழுதி வெச்சுக்கச் சொன்னீங்களே."

அமிர்தலிங்கம் தலையைக் குனிந்தார். "எழுதி வெச்சியா?"

"எனக்கு எங்கண்ணே எழுத வரும்." காளியம்மா விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா வெளக்கு வெச்சாச்சே. இப்ப அத எடுத்து வெளிய குடுத்தா லட்சுமியும் கூடவே போயிடும்."

"தெரியும்." சொல்லிவிட்டுத் திரும்பினார். படியில் ஒரு காலை இறக்கியும் விட்டார்.

"நில்லுங்கண்ணே. வெளிய குடுக்கத்தானே கூடாது? உள்ள வந்து நீங்களே போட்டுக்கிட்டா அது எங்கயும் போகாது. என்னா வேலையோ, அந்தச் சாமானையெல்லாம் தூக்கிட்டு இங்க வாங்க."

ஆக, உப்புக்குக்கூட வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றவர், உப்புக்காக அதே வாசற்படியை நான்கு தடவை மிதித்தார்: பேட்டரிக்கு ஒரு தடவை, குவளைக்கு ஒரு தடவை, பென்சிலுக்கும் வயருக்கும் ஒரு தடவை, மறந்துபோன போனுக்கு ஒரு தடவை. காளியம்மா அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டாள். சாடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள், தான் தொடவில்லை. அவரே எடுத்துப் போட்டார். கொஞ்சம் மேடையிலும் சிந்தியது.

வயரை மாட்டினார்.

முதலில் ஒரு பென்சிலின் உடம்பெல்லாம் ஊசிமுனை ஊசிமுனையாகப் பூத்தது. பிறகு கிளம்பியது. நூல் பிடித்தாற்போல் முட்டைகள் மேலே மேலே போய் உடைந்தன.

"அய்ய! என்னாண்ணே இது, சோடாவா?"

அவர் பதில் சொல்லுமுன் போன் கூப்பிட்டது. எடுத்தார். திரையில் தனுஜாவின் முகம். அவள் பின்னால் சன்னலில் இருட்டிவிட்டிருந்தது. அங்கே எப்போதும் பொழுது முன்னாலேயே போய்விடும்.

"ப்பா, என்னா, எடம் மாறியிருக்கு?" கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "அது காளி அத்த வீட்டு அடுப்பில்ல?"

"ஆமா."

ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை. போனைக் குவளைப் பக்கம் திருப்பினார். முட்டைகள் மட்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

"வருதுப்பா! நல்லா வருது! எந்தப் பக்கம் நெறைய வருது?"

அமிர்தலிங்கம் வயரைப் பார்த்தார். மைனஸ். "காத்தோட பக்கம்."

அந்தச் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூச்சு முட்ட. காளியம்மாவுக்கு எதற்கென்று தெரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். "இதத்தான் வியாழக்கெழமை செவுத்துகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தீங்களா? நான் என்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"ஒனக்குக் கேட்டுச்சா? காது மந்தம்னுல்ல நெனச்சேன்."

"யாருக்கு? ஒங்க வீட்டுல பொட்டி ஓடலன்னு தெரியும். ஒங்களுக்கும் கேக்கட்டுமேன்னுதான் சத்தமா வெக்கிறது. எனக்குத் தலையே வலிக்கும்."

அமிர்தலிங்கம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த, உப்பு தண்ணியில கரைஞ்சதும் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடும்," திரையிலிருந்து ஆசிரியை பாடம் நடத்தினாள். அவள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தடையில்லை போலும். காளியம்மா மட்டும் விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிளஸ் கட்சிலாம் கத்தோடு பக்கம் ஓடும், மைனஸ் கட்சிலாம் அனோடு பக்கம் ஓடும். அதுங்க ஓடுனாத்தான் கரண்டும் ஓடும். காத்தோடு பக்கம் வர்றது ஹைட்ரஜன். ஒரு வாடை வருதா? அது குளோரின், சன்னலத் தொறந்துவிடுங்க. போதும், வயரக் கழட்டுங்கப்பா."

கழற்றினார். முட்டைகள் நின்றன. பாடம் முடிந்துவிட்டது. வழக்கமாக "சரிப்பா" வரும் இடம் இது. தனுஜா வாயைத் திறந்தாள். அமிர்தலிங்கம் "சரிம்மா"வுக்குத் தயாரானார்.

"தனு, அப்பா கேக்கறாரு," என்றாள் காளியம்மா, சன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டே, "எப்ப இந்தப் பக்கம் வரேன்னு."

அமிர்தலிங்கம் எதுவும் கேட்டிருக்கவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுவது நின்றது.

"பள்ளி லீவுக்கு வரேன்னு சொல்லுங்க அத்த," என்றாள் தனுஜா. "மூட்டு வலி எப்பிடின்னு கேட்டேன்னும் சொல்லுங்க."

அன்று சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவர் தன் வீட்டுக்குத் திரும்பியபோது வீடு எப்போதும்போல்தான் இருந்தது. விளக்கைப் போட்டார். இரண்டு தட்டுகளைக் கழுவினார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் பேசத் தொடங்கினாள், அதே சத்தத்தில்.

மறுநாள் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். மலைமேல் இன்னும் வெயில் இருந்தது. யாரும் விளக்கு வைக்கவில்லை. குளித்துத் தலை வாரி, ஒரு சின்ன சில்வர் கிண்ணத்தை எடுத்து வேட்டி முனையால் துடைத்தார். சோதனை எதுவும் மிச்சமில்லை. சாப்பாட்டுக்கும் அது ஆகாது. குழாயடியில் பல் துலக்காமல் துணி அலசிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அலசுவதைத் தொடர்ந்தார்.

அமிர்தலிங்கம் பக்கத்து வீட்டுப் படியில் ஏறி, கதவை மெல்லத் தட்டினார்.

"காளியம்மா, உப்பு இருக்கா?"